பழைய சைக்கிளில் இறுகிப்போன கிராங்கைக் கழற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து வீடுகளில் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் மாடிப்படிக்கு அடியிலும் சாய்த்து வைத்த சைக்கிள்கள் நிறைய உண்டு. பால் கேன் கட்டிய ஹெர்குலிஸ், வேலைக்குப் போய்வந்த அட்லஸ், பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள் என்று பல வகை. அவற்றை மறுபடி ஓட்ட எடுக்கும்போது டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் சுலபமாக மாறிவிடும். பெடலை அச்சோடு இணைக்கும் கையான கிராங்கில்தான் வேலை நின்றுவிடும். அந்த ஒரு இடத்தைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் இங்கே.

என் சைக்கிளில் இருப்பது எந்த வகை கிராங்க் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிராங்க் அச்சோடு சேரும் தடித்த பகுதியைப் பாருங்கள். அதற்குக் குறுக்கே ஒரு இரும்பு முளை நுழைந்து, ஒரு பக்கம் மொட்டையாகவும் மறுபக்கம் சின்ன நட்டோடும் தெரிந்தால் அது காட்டர் பின் வகை. கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிள் எல்லாவற்றிலும் அநேகமாக இதுதான். இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் இதைப் பற்றியே பேசுகிறோம்.

குறுக்கே ஒன்றும் இல்லாமல், அச்சின் நேர் முனையில் ஒரு போல்ட்டோ பிளாஸ்டிக் மூடியோ இருந்தால் அது சதுர அச்சு வகை. கியர் சைக்கிள்களில் வருவது இது. இடது கிராங்க், அச்சு, வலது கிராங்க் மூன்றும் வளைத்த ஒரே கம்பியாக இருந்தால் அது ஒற்றைத்துண்டு கிராங்க். சிறுவர் சைக்கிள்களில் பார்க்கலாம்.

காட்டர் பின் ஏன் இவ்வளவு இறுகிவிடுகிறது?

பின்னின் ஒரு பக்கம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். அந்தச் சீவல் அச்சில் வெட்டியுள்ள பள்ளத்தில் உட்கார்ந்து ஆப்பு மாதிரி நிற்கும். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் அந்த ஆப்பை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறது. பிறகு துரு சேர்கிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பின்னுக்கும் துளைக்கும் நடுவில் அந்த இடம் இல்லாததால் துரு இரண்டையும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது.

பாலாற்றங்கரைப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்கள் பல. அந்தத் தண்ணீரில் கழுவி அப்படியே நிறுத்திய சைக்கிளில் பின் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். தோல் தொழிற்சாலைகளில் உப்புப் போட்ட தோல் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்த சைக்கிள்களுக்கும் இதே கதிதான்.

பின்னை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும்?

நட்டு இருக்கும் மெல்லிய பக்கத்திலிருந்து, தடித்த பக்கம் வெளியே வரும்படி. மறுபக்கம் அடித்தால் ஆப்பு இன்னும் உள்ளே போகும். துரு மூடி நட்டே தெரியாத சைக்கிளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. முதலில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து மரை எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

என்னென்ன சாமான் வேண்டும்?

ஒரு கிலோ எடைக்குக் குறையாத சுத்தியல், நட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 10 அல்லது 11 மி.மீ.), கம்பி பிரஷ், 6 மி.மீ. பஞ்ச் (பின்னைத் தள்ள வைத்து அடிக்கும் இரும்புக் கம்பி), ஒரு அரம். இவற்றோடு ஒரு அடி சொச்சம் நீளமுள்ள அரை இஞ்ச் ஜி.ஐ. குழாய். பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். பிளம்பர் வெட்டிப் போட்ட துண்டு வீட்டில் இருந்தால் அதுவே போதும். மற்ற எதை விட்டாலும் குழாயை விடாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

புதிய காட்டர் பின் இரண்டை வேலை தொடங்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பின் நல்ல நிலையில் வெளியே வரும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

எந்த எண்ணெய் விடுவது? எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

துருவுக்குள் இறங்கும் அளவுக்கு நீர்த்த எண்ணெய் வேண்டும். டபிள்யூ.டி.-40 மாதிரி ஸ்பிரே நல்லது. இல்லையென்றால் மண்ணெண்ணெய். அதுவும் கிடைக்காவிட்டால் டீசல். தேங்காய் எண்ணெயும் கிரீஸும் உதவாது. துருவுக்குள் போகாமல் மேலேயே நின்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

விடும் விதம்தான் முக்கியம். கிராங்கை முன்னோக்கித் தரைக்கு இணையாக வையுங்கள். அப்போது பின் செங்குத்தாக நிற்கும். முதலில் நட்டுப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து நாலைந்து சொட்டு விடுங்கள். சில மணி நேரம் கழித்து கிராங்கை அரைச் சுற்று சுற்றி, தலைப்பக்கம் (நட்டு இல்லாத மொட்டைப் பக்கம்) மேலே வந்ததும் அங்கேயும் விடுங்கள். கிராங்கும் அச்சும் சேரும் வட்டக் கோட்டில் இரண்டு சொட்டு. மாலையில் ஆரம்பித்து மறுநாள் காலைவரை நாலைந்து தடவை இப்படிச் செய்தால் நல்ல பலன் இருக்கும்.

ஏப்ரல், மே வெயிலில் மண்ணெண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். பகலில் ஊற வைப்பதானால் டீசலே மேல். நனைத்த துணியை அந்த இடத்தில் சுற்றி வைத்தாலும் நிற்கும். பின்சக்கர டயரிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படாமல் ஒரு சாக்கைப் போட்டு மூடுங்கள். ரப்பரை மண்ணெண்ணெய் கெடுக்கும். ரிம்மில் எண்ணெய் ஏறினால் பிரேக் பிடிக்காது.

குழாய் எதற்கு? சுத்தியலால் அடித்தால் போதாதா?

போதாது. வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திப் பின்னை அடித்தால், அடியின் வேகத்தில் பெரும்பங்கு கிராங்கோடு சேர்ந்து கீழே போகிறது. ஃபிரேம் கொஞ்சம் குதிக்கிறது, டயர் கொஞ்சம் அமுங்குகிறது. மிச்சம் அச்சு வழியாகப் பேரிங்கின் இரும்பு உருண்டைகளான பால்ஸில் இறங்கி, அவை தாம் ஓடும் கிண்ணமான கப்பில் குழி போடுகின்றன. பின் அசையாது. நாலைந்து அடிக்குப் பிறகு மரை வளைந்துவிடும். பின் வராததற்குத் துருவைக் குறை சொல்வார்கள். உண்மையில் அடி பின்னுக்குப் போய்ச் சேரவே இல்லை.

குழாய் வைத்தால் கிராங்க் அசைய இடமே இருக்காது. அடியின் பலம் முழுவதும் பின்னில் விழுந்து குழாய் வழியாகத் தரைக்குப் போகும். பேரிங் தப்பிக்கும்.

குழாயை எப்படி வைப்பது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

சைக்கிள் இரண்டு சக்கரத்திலும் நிற்கட்டும். ஒருவர் ஹேண்டில்பாரையும் சீட்டையும் பிடித்துக்கொள்ளட்டும். செயின் கவர் இடித்தால் கழற்றிவிடுங்கள். கிராங்கைத் தரைக்கு இணையாக, நட்டு மேலே வரும்படி திருப்புங்கள். கிராங்கின் தடித்த பகுதியின் அடிப்பாகத்திலிருந்து தரைவரை உயரத்தை அளங்கள். குழாயை அந்த அளவைவிட 2, 3 மி.மீ. கூடுதலாக வெட்டுங்கள். வெட்டிய முனை சாய்வில்லாமல் இருக்க வேண்டும். அரத்தால் சமன்படுத்துங்கள்.

குழாயை நிமிர்த்தி, பின்னின் தலை குழாயின் துளைக்குள் வரும்படி கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். அரை இஞ்ச் ஜி.ஐ. குழாயின் உள்வாய் ஏறக்குறைய 16 மி.மீ. இருக்கும். 9.5 மி.மீ. பின் அதற்குள் தாராளமாக இறங்கும். அதே நேரம் குழாயின் விளிம்பு கிராங்கைத் தாங்கும். பெரிய குழாய் எடுத்தால் விளிம்பு கிராங்குக்கு வெளியே நழுவிவிடும்.

சைக்கிளின் எடை இப்போது டயரில் இல்லாமல் குழாயின் மேல் இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த 2, 3 மி.மீ. கூடுதல். ஒரு கையால் குழாயை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அடியில் தகடு வைத்து இறுக்குங்கள். தரை சிமெண்ட்டாக இருக்கட்டும். மண் தரையில் குழாய் இறங்கிவிடும், டைல்ஸ் உடையும். கருங்கல் பலகை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

நட்டைக் கொஞ்சம் கழற்றி, நட்டின் மேல்முகமும் பின்னின் நுனியும் ஒரே மட்டத்தில் வரும்படி நிறுத்துங்கள். சுத்தியல் விழும் இடம் அகலமாகும், மரையும் வளையாமல் தப்பும். இப்போது ஒரே அடி, நேராக, முழு பலத்தோடு. பத்து சின்னத் தட்டலைவிட ஒரு கனமான அடி மேல். சின்னத் தட்டல்கள் பின்னின் நுனியை விரிக்கும், பின்னை நகர்த்தாது. நடுவில் மரக்கட்டை வைக்காதீர்கள். அது அடியை உறிஞ்சிவிடும். பித்தளைத் துண்டு வைக்கலாம்.

பின் நகர்ந்தால் சத்தம் மாறும். அதுவரை கல்லென்று கேட்டது திடீரென்று மந்தமாகும். நட்டு கீழிறங்கி கிராங்கில் முட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு, 6 மி.மீ. பஞ்ச் வைத்து மிச்சத்தைத் தள்ளுங்கள். பின் குழாய்க்குள் விழும்.

மறுபக்கத்துக்கும் இதே முறைதான். அங்கே நட்டு கீழே பார்த்துக்கொண்டிருக்கும். கிராங்கை அரைச் சுற்று சுற்றி மேலே கொண்டுவாருங்கள்.

நாலு அடி அடித்தும் அசையவில்லை. இன்னும் பலமாக அடிக்கலாமா?

நிறுத்துங்கள். மூன்று நாலு நல்ல அடிக்கு அசையாத பின் முப்பதாவது அடிக்கும் அசையாது, மரைதான் போகும். மறுபடி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். குழாய் நேராக முட்டுகிறதா, தலை குழாயின் விளிம்பில் இடிக்கிறதா என்று பாருங்கள். தலை விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தால் நீங்கள் இத்தனை நேரம் பின்னைக் குழாயின் மேலேயே அடித்திருக்கிறீர்கள்.

பின்னின் மரை நுனி வளைந்து விரிந்துவிட்டது. இனி?

வளைந்த மரையை நிமிர்த்த முயல வேண்டாம், ஒடிந்துவிடும். ஹேக்ஸா பிளேடால் கிராங்கின் மட்டத்துக்கு அறுத்துவிடுங்கள். அறுத்த முகத்தை அரத்தால் சமன் செய்து, சரியாக நடுவில் சென்டர் பஞ்சால் (கூர்முனைப் பஞ்ச்) ஒரு புள்ளி குத்துங்கள். பிறகு அதே குழாய் முட்டோடு 6 மி.மீ. பஞ்சை அந்தப் புள்ளியில் நிறுத்தி அடியுங்கள். பஞ்ச் துளையின் ஓரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரம் நசுங்கினால் பின்னுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

சத்தம் போடாமல் செய்ய வழி உண்டா? பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது.

கனமான சி கிளாம்ப் ஒன்று வேண்டும். வார்ப்பு இரும்பு வேண்டாம், அடித்துச் செய்த எஃகு கிளாம்ப் எடுங்கள். வார்ப்பு இரும்பு இந்த அழுத்தத்தில் ஒடியும். பின்னின் தலைப்பக்கத்தில் 14 அல்லது 15 மி.மீ. சாக்கெட் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள், தலை அதற்குள் வருவதற்கு இடம் வேண்டும். கிளாம்பின் ஒரு முனை சாக்கெட்டின் மேலும், திருகு முனை பின்னின் மரைப்பக்கத்திலும் உட்கார வேண்டும். நட்டு அதே மட்டத்தில் இருக்கட்டும். ஸ்பேனர் போட்டு முடிந்த வரை இறுக்குங்கள்.

உடனே வராவிட்டால் இறுக்கத்திலேயே விட்டுவிட்டு எண்ணெய் விடுங்கள். சில மணி நேரம் கழித்து ஒரு கால் சுற்று. டக்கென்று ஒரு சத்தத்தோடு பின் விடும். அடிப்பதைவிட நாங்கள் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான். பேரிங்குக்கு எந்தச் சேதமும் இல்லை, பின்னும் பல சமயம் முழுதாக வரும்.

சூடு காட்டலாமா?

காட்டலாம், ஆனால் ஒழுங்கு முறை உண்டு. முதலில் எண்ணெய் எல்லாவற்றையும் துடைத்து, மண்ணெண்ணெய் நனைந்த துணிகளைத் தூரமாகக் கொண்டுபோய்ப் போடுங்கள். பெடலைக் கழற்றுங்கள், அதில் ரப்பர் உண்டு. சின்ன கேஸ் டார்ச்சால் கிராங்கின் தடித்த பகுதியைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள். பின்னை நேராகச் சூடாக்க வேண்டாம். தண்ணீர் சொட்டு விட்டால் துள்ளி ஆவியாகும் அளவு போதும். சூட்டில் கிராங்க் விரிந்து துருவின் பிடி தளரும். சுத்தியலோ கிளாம்போ அப்போதே வேலை செய்ய வேண்டும்.

கேஸ் வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள்: சிவக்கும் வரை காய்ச்சக் கூடாது. அச்சு கடினப்படுத்திய எஃகு. சிவந்தால் அந்தக் கடினம் போய், பால்ஸ் ஓடும் இடம் சீக்கிரம் தேயும். நிக்கல் முலாம் நீலமாகும், உரியும். உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி ஓடிவிடும் என்பதால் பிறகு பி.பி.யை (பாட்டம் பிராக்கெட், கிராங்க் அச்சு ஓடும் பேரிங் பகுதி) திறந்து புது கிரீஸ் போடத்தான் வேண்டும்.

டிரில் போட்டு எடுக்கலாமா?

கடைசி வழி, ஆனால் உறுதியான வழி. காட்டர் பின் மிருதுவான இரும்பு, துளை சுலபமாக விழும். மரையை அறுத்துச் சமன் செய்து, நடுப்புள்ளி குத்தி, 3 மி.மீ. பிட்டால் ஆரம்பியுங்கள். பிறகு 5, பிறகு 6.5. மெதுவான வேகம், ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு சொட்டு எண்ணெய்.

பிட் சரிந்து அச்சுப்பக்கம் போனால் கீச்சென்று சத்தம் வரும், இரும்புச் சீவல் வருவது நிற்கும். கடினமான அச்சைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். தொடர்ந்து அழுத்தினால் பிட் உள்ளேயே ஒடியும். ஒடிந்த பிட்டை எடுப்பது பின்னை எடுப்பதைவிடப் பெரிய வேலை. 6.5 மி.மீ. துளை விழுந்துவிட்டால் பின்னின் சுவர் மெலிந்து பிடி விட்டுப்போகும். பஞ்ச் வைத்து ஒரு தட்டு போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பின் வந்துவிட்டது, ஆனால் கிராங்க் அச்சை விட்டு வரவில்லையே?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கிராங்கின் வட்டத் துளைக்கும் அச்சுக்கும் நடுவில் துரு. எண்ணெய் விட்டு, ஒரு கிராங்கை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை முன்னும் பின்னும் திருகுங்கள். பின் இல்லாததால் அது திரும்ப வேண்டும். திரும்ப ஆரம்பித்துவிட்டால் வெளியே இழுப்பது நேரம் எடுக்கும் வேலை மட்டும்தான்.

இரண்டாவது, பின் தளர்ந்த நிலையிலேயே நீண்ட நாள் ஓட்டிய சைக்கிளில் அச்சுப் பள்ளத்தின் ஓரம் நசுங்கி மேலே பிதுங்கியிருக்கும். அந்தப் பிதுக்கம் கிராங்கை விடாது. பின் துளை வழியாகச் சின்ன வட்ட அரத்தை விட்டுப் பிதுக்கத்தைத் தேய்க்க முடியும். இல்லையென்றால் ஆட்டோ பட்டறையில் இருக்கும் மூன்று கால் பேரிங் புல்லர் போட்டு இழுக்கலாம்.

வலது பக்கத்தில் பல்சக்கரம் கிராங்கோடு சேர்ந்தே வரும். பல்சக்கரத்தின் பல்லில் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பாதீர்கள். பல் வளைந்தால் செயின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை இறுகித் தளரும்.

பெடலைக் கழற்ற எந்தப் பக்கம் திருப்புவது?

வலது பெடல் வழக்கமான மரை, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும். இடது பெடல் தலைகீழ் மரை, கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால் கழலும். 15 மி.மீ. ஸ்பேனர்.

அலுமினிய கிராங்க், சதுர அச்சு. அதற்கும் சுத்தியலா?

வேண்டாம். இதற்குக் கிராங்க் புல்லர் என்ற தனிச் சாமான் உண்டு, 22 மி.மீ. மரை. முதலில் மூடியை எடுத்து 14 மி.மீ. சாக்கெட்டாலோ 8 மி.மீ. ஆலன் கீயாலோ போல்ட்டைக் கழற்றுங்கள். உள்ளே வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் லைட் அடித்துப் பார்த்து அதையும் எடுங்கள். வாஷரை விட்டுவிட்டுப் புல்லர் போடுவதால்தான் பல கிராங்குகளின் மரை பிய்கிறது. புல்லர் அச்சைத் தள்ளுவதற்குப் பதிலாக வாஷரைத் தள்ளும், வாஷரோ கிராங்கிலேயே உட்கார்ந்திருக்கும்.

கிராங்கின் மரையைப் பழைய பல் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். புல்லரின் வெளி உடலைக் கையால் கடைசி வரை திருகி, ஸ்பேனரால் ஒரு பிடி இறுக்குங்கள். பாதி மரையில் நிறுத்தினால் அலுமினியம் தாங்காது. அதற்குப் பிறகுதான் நடுத் திருகை இறுக்க வேண்டும்.

அசையவில்லையா? இறுக்கத்திலேயே விட்டுவிட்டு, கிராங்கின் மேல் கொதிக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அந்த வித்தியாசம் போதும் பிடி விடுவதற்கு. கூடவே ரப்பர் சுத்தியலால் கிராங்கின் பின்புறம் நாலு தட்டு.

புல்லர் மரையோடு பிய்ந்து வந்துவிட்டது.

பேரிங் புல்லரின் கால்களைக் கிராங்கின் பின்னால் மாட்டி இழுக்கலாம். இடம் போதவில்லை என்றால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். போல்ட் இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிக் கிராங்கைத் தானாகத் தளரவிடுவார்கள் சிலர். தளர்ந்த பிறகும் ஓட்டினால் கிராங்கின் சதுரத் துளை வட்டமாகிவிடும். கிராங்கைத் தூக்கிப்போடுவதாக முடிவு செய்திருந்தால் மட்டும், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், மெதுவாகச் செய்யலாம். தேசிய நெடுஞ்சாலையில் வேண்டாம், கழன்று விழுந்தால் உயிருக்கு ஆபத்து.

சிறுவர் சைக்கிளின் ஒற்றைத்துண்டு கிராங்க்?

இடது பெடலை எடுத்துவிட்டு, இடது பக்க லாக் நட்டைக் கடிகார முள் போகும் பக்கம் திருப்புங்கள், அது தலைகீழ் மரை. கோனையும் (பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கூம்பு வளையம்) எடுத்துவிட்டால் முழுக் கிராங்கையும் வலது பக்கமாக வளைத்து வளைத்து வெளியே எடுத்துவிடலாம். இறுகிப் பிடிப்பது இதில் அபூர்வம்.

புது காட்டர் பின் எந்த அளவு வாங்குவது?

இந்திய ரோட்ஸ்டர்களில் வழக்கமானது 9.5 மி.மீ. சில சைக்கிள்களில் 9 மி.மீ. உண்டு. பழைய பின்னைக் கடைக்குக் கொண்டுபோய் வெர்னியரில் அளந்து வாங்குங்கள். 9.5 துளையில் 9 பின் போட்டால் முதல் நாள் நிற்கும். பிறகு ஆடி ஆடி கிராங்கின் துளையையே பெரிதாக்கிவிடும், அதற்குப் பிறகு எந்தப் பின்னும் நிற்காது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே கடையில் ஒரே வகையாக எடுங்கள். சீவலின் சாய்வு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

புதுப் பின்னை அப்படியே அடித்து ஏற்றலாமா?

பின்னின் சீவல் முழுவதும் அச்சுப் பள்ளத்தில் படிய வேண்டும். சீவலில் மார்க்கர் பேனாவால் மை தடவி, கையால் நுழைத்து, லேசாக ஒரு தட்டு தட்டி, வெளியே எடுத்துப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. ஒரு முனையில் மட்டும் அழிந்திருந்தால் அந்த முனையை அரத்தால் லேசாகத் தேயுங்கள். மறுபடி மை, மறுபடி தட்டு. மை சீவல் நெடுகிலும் அழியும் வரை இது தொடர வேண்டும். அரத்தைத் தட்டையாகப் பிடியுங்கள். சீவல் உருண்டால் பின் வாழ்நாளெல்லாம் ஆடும்.

பின்னை ஏற்றும்போதும் குழாய் முட்டு வேண்டும், இப்போது மரைப்பக்கம் குழாய்க்குள். தலையை இரண்டு மூன்று அடி அடித்து உட்கார வைத்துவிட்டு, அதன் பிறகு வாஷர் போட்டு நட்டை இறுக்குங்கள். நட்டின் வேலை பின்னைப் பிடித்து வைப்பது மட்டுமே. நட்டைத் திருகியே பின்னை இழுக்கப் பார்த்தால் மரை அறும். பின் உட்கார்ந்த பிறகு நட்டு முழுதாகப் பிடிக்க மரை வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சீவல் இன்னும் தடிமனாக இருக்கிறது. நட்டு மரையின் கடைசி வரை போயும் தளர்வாக இருந்தால் அதிகமாகச் சீவிவிட்டீர்கள், வேறு பின் எடுக்க வேண்டும்.

ஏற்றும் முன் பின் முழுவதும் லேசாக எண்ணெய் தடவுங்கள். அடுத்த தடவை கழற்றுபவருக்கு இந்தப் பக்கத்தின் பாதி தேவைப்படாது.

மாட்டிய பிறகு இரண்டு கிராங்கும் ஒரே நேர்க்கோட்டில் இல்லையே?

அநேகமாக இரண்டு பின்னையும் ஒரே திசையில் போட்டிருப்பீர்கள், அதுதான் தவறு. கிராங்குகள் தரைக்கு இணையாக இருக்கும்போது வலது நட்டு மேலே பார்த்தால் இடது நட்டு கீழே பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தும் கொஞ்சம் சாய்வு தெரிந்தால் ஒரு பின்னை மற்றதைவிட அதிகமாகச் சீவியிருக்கிறீர்கள்.

கிராங்க் கழன்ற கையோடு உள்ளே என்ன பார்க்க வேண்டும்?

பி.பி. அச்சை வெளியே எடுங்கள். இடது பக்க லாக் ரிங்கையும் கப்பையும் வழக்கமான பக்கம் திருப்பினால் வரும். வலது கப் தலைகீழ் மரை. அதை ஃபிரேமிலேயே விட்டுச் சுத்தம் செய்தால் போதும். பழைய பால்ஸைத் திரும்பப் போட வேண்டாம். கால் இஞ்ச் பால்ஸ், பக்கத்துக்கு 11. அச்சில் பால்ஸ் ஓடும் தடத்தை விரல் நகத்தால் வருடுங்கள். நகம் தட்டினால் அச்சு மாற்ற வேண்டும். கப்பிலும் குழி இருக்கிறதா பாருங்கள். கிராங்கை யாரோ முன்பு முட்டில்லாமல் அடித்திருந்தால் பால்ஸின் இடைவெளி விட்டு வரிசையாகக் குழிகள் தெரியும்.

எல்லாம் மாட்டியாயிற்று. ஓட்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று ஒரு சத்தம் வருகிறது.

அநேகமாகப் பின் இன்னும் முழுதாக உட்காரவில்லை. கிராங்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மற்ற கிராங்க் அசையாமல் இது மட்டும் நூலளவு அசைந்தால் அந்தப் பக்கப் பின்தான். உடனே ஓட்டுவதை நிறுத்திவிட்டு, குழாய் முட்டு வைத்துத் தலையில் ஒரு அடி கொடுத்து நட்டை மறுபடி இறுக்குங்கள். புதுப் பின் போட்ட எந்தச் சைக்கிளுக்கும் முதல் 50 கி.மீ. ஓடியதும் இந்த இறுக்கல் ஒரு தடவை தேவைப்படும். காட்பாடிக்கும் வேலூருக்கும் தினமும் போய்வருபவருக்கு அது ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகும் சத்தம் நிற்காவிட்டால் பெடல் அச்சையும் பல்சக்கரத்தின் ரிவெட்டுகளையும் பாருங்கள்.